ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

வேலாயுதம் ட்ராலி பஸ் கண்டக்டர். ஐம்பத்தெட்டாம் வருஷம் தஞ்சோங் பகாரிலிருந்து சிராங்கூன் ரோடு வரை போய்வந்த வண்டியில் காலை முறை அவனுடையது. ஒல்லியான ஆள். கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டைக்குள் இன்னொருவர் தாராளமாகக் குடியிருக்கலாம். தோளில் காசுப் பை, கையில் டிக்கெட்டுக் கட்டுகள் செருகிய சிறு பலகை. பயணிகளிடம் அவன் எரிந்து விழுந்து யாரும் பார்த்ததில்லை. அந்தத் தொழிலில் அது ஒரு குறையாகவே பேசப்பட்டது.

இன்னொரு குறையும் இருந்தது. ஒரு எண் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டான். லாரியின் எண்ணோ விளக்குக் கம்பத்தின் எண்ணோ எதுவானாலும், அதை எதெல்லாம் மீதி இல்லாமல் வகுக்கும் என்று மனத்துக்குள் போட்டுப் பார்ப்பான். ஏழாவது வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள். பெரிய படிப்பாளி ஆகியிருப்பான் என்றெல்லாம் நான் கதை அளக்கப் போவதில்லை. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குச் சுருட்டு, இவனுக்கு இது.

பழக்கம் தொற்றியது சாப்பாட்டில்தான். பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடி. கல்யாணமாகாதவர்கள், ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து பொங்கித் தின்கிற இடம். மீன் துண்டைப் பங்கு வைக்கும் பொறுப்பு வேலாயுதத்தின் தலையில் விழுந்தது. வேறு யாரை நம்பினாலும் சண்டை வந்தது. இவனை நம்பினாலும் வந்தது, கொஞ்சம் குறைவாக. ஒரு நாள் ஏழு பேர் உட்காருவார்கள், மறுநாள் பதினொரு பேர். எவனுடைய மச்சானாவது கப்பலில் வந்து இறங்கியிருந்தால் பதிமூன்று. எத்தனை துண்டு போட்டாலும் ஒன்றிரண்டு மிஞ்சும், அந்த ஒன்றிரண்டுக்காக யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்த மாடியில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்தாலும் பதினாறு பேருக்குமேல் இடமில்லை. ஒருவர் வந்தாலும் பதினாறு பேர் வந்தாலும், நடுவில் எத்தனை பேர் வந்தாலும், ஒரு துண்டுகூட மிஞ்சாமல் சமமாகப் பங்கு போகவேண்டுமென்றால் குறைந்தது எத்தனை துண்டு வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் இதைப் போட்டுப் பார்த்தான். பதினாறில் தொடங்கினான். இரண்டும் நாலும் எட்டும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. அதை ஒன்பதால் பெருக்கினான். மூன்று, ஆறு, பன்னிரண்டெல்லாம் வாயை மூடிக்கொண்டன. ஐந்தால் பெருக்கியதும் பத்தும் பதினைந்தும் வந்து ஒட்டிக்கொண்டன. அடம்பிடித்தது ஏழும் பதினொன்றும் பதிமூன்றும்தான். அவற்றாலும் ஒவ்வொன்றாகப் பெருக்கினான். ஏழுக்கு இடம் கிடைத்ததும் பதினாலும் அடங்கியது. கடைசியில் வந்து நின்றது 720720. ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.

அத்தனை துண்டு மீனுக்குக் கடலில் பாதியை அள்ளவேண்டும். ஆனால் அவனுக்கு அந்த எண்ணின் மேல் ஆசை வந்துவிட்டது. பார்க்கவே அழகு, எழுநூற்று இருபதைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை எழுதினாற்போல். யார் வந்தாலும் கதவைத் திறக்கிற வீடு அது என்று நினைத்துக்கொள்வான். இதைப் போய் யாரிடம் சொல்வது? கூட இருந்தவர்களிடம் ஒரு தடவை சொன்னான். மீன் எப்போது வாங்கப் போகிறாய் என்று கேட்டார்கள்.

லீலா அவன் வண்டியில் ஏறத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். கண்டாங் கெர்பாவ் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அண்ணன் மருதப்பனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற உத்தியோகம். அண்ணி காய்ச்சலில் போய்விட, அண்ணனுடைய மூன்று பிள்ளைகளை லீலா வளர்த்தாள். அந்த மும்முரத்தில் அவளுக்கு முப்பது கடந்தது. பெண் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. ஊரார்தான் அவளுக்கும் சேர்த்துப் புலம்பினார்கள்.

முதல் பேச்சே வம்பில் ஆரம்பித்தது. நம் ஆட்கள் பஸ் டிக்கெட்டை வாங்கினால் சும்மா இருப்பார்களா? எண்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் சனியன் என்று நெற்றி சுருங்கும். அதே எட்டைப் பார்த்துப் பக்கத்து சீட்டுச் சீனத்து அம்மாவின் முகம் மலரும். எண்ணுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது.

"கூட்டுனா எட்டு வருது. வேற குடுங்க" என்றாள் லீலா.

"வரிசைப்படிதாங்க கிழிக்கணும். மாத்துனா சீட்டைக் கிழிச்சுருவாங்க." பிறகு அவன் சும்மா இருந்திருக்கலாம். "எட்டு வந்தா, ஒம்போதால வகுக்கும்போது எட்டு மிஞ்சும். அம்புட்டுதான். வேற ஒண்ணும் ஆவாது" என்றான்.

லீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் காசை நீட்டும்போது, "இன்னைக்கு என்ன மிஞ்சுது?" என்று கேட்டாள். கிண்டல்தான். அவன் உடனே பதில் சொன்னான். அதற்கப்புறம் தினமும் அவள் டிக்கெட்டைப் பற்றி ஒரு வரி சொல்வது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு உள்ளது பதினொன்றால் போகும், இன்றைக்கு உள்ளது பத்தொன்பதுக்கு மட்டும் இடம் கொடுக்கும் என்று ஏதாவது. ஒரு வரிக்குமேல் பேசியதில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தமான தேக்கா வந்ததும் அவள் இறங்கிவிடுவாள்.

ஒரு நாள் அவளுக்குக் கிடைத்தது 672031. "இது யாருக்கும் அடங்காத எண்ணுங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் போட்டுப் பாத்துட்டேன், எதாலயும் போகல" என்றான் வேலாயுதம் பெருமையாக.

மறுநாள் அவள் சீட்டில் உட்காருவதற்கு முன்பே சொன்னாள். "முப்பத்தேழால போகுது."

"எதுங்க?"

"நேத்து குடுத்தீங்களே, அது. எங்க வார்டுல முப்பத்தேழு கட்டில். சரி, அதாலயும் போட்டுப் பாப்போமேன்னு அடுப்படித் தரையில கரியால போட்டேன். பதினெட்டாயிரத்து நூத்து அறுபத்து மூணு. மிச்சமில்ல."

வேலாயுதம் தேக்கா வரைக்கும் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தான். சரியாக இருந்தது. தன்னைத் தவிர இந்தத் தீவில் இன்னொரு ஆள் ஒரு பஸ் டிக்கெட்டின் எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணக்குப் போட்டிருக்கிறது. அந்த நிமிஷத்தோடு ஆள் காலி. அதற்குக் காதல் என்று பேர் வைக்க அவனுக்கு ஒரு மாதம் ஆனது, எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

சொல்வதற்குத்தான் தைரியமில்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பெண்ணிடம் என்ன பேசினாலும் நாற்பது காது கேட்கும். வீடு தேடிப் போய்க் கேட்க, இவன் பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை. அப்பாவை யுத்தகாலத்துச் சயாம் ரயில் பாதை வேலை கொண்டுபோயிற்று. அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று அவன் நினைத்தது அப்போதுதான். டிப்போவிலிருந்து வரும் பத்துக் காசு டிக்கெட்டுகளின் வரிசை ஏழு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே சொல்லியும்விட்டான். "ஒண்ணு வரப்போகுதுங்க, 720720. ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் அத்தனையும் போகும்." அவள் ஒரு வாரம் கழித்து, "எல்லாம் சரிதான். பதினேழு போகல. அஞ்சு மிஞ்சுது" என்றாள். அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பதில் அவனுக்கு அன்றைக்கு முழுக்கப் பசிக்கவில்லை.

இடையில் ஒரு நல்ல எண்ணை அவன் கோட்டை விட்டான். 698896. எண்ணூற்று முப்பத்தாறை அதனாலேயே பெருக்கினால் வருவது. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதை லீலாவுக்குக் கொடுக்க ஆசைப்பட்டான். வரிசை அதை ஒரு மீன்காரரிடம் கொண்டு சேர்த்தது. அவர் அதைச் சுருட்டிக் காது குடைந்துவிட்டு ஜன்னல் வழியே எறிந்தார். வேலாயுதம் பார்த்துக்கொண்டு நின்றான். 720720-க்கு இந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

டிப்போவில் டிக்கெட்டுக் கட்டுகளைக் கொடுப்பவர் யாக்கூப். "பாய், அந்தக் கட்டு வர்றப்ப எனக்குக் குடுங்க" என்று கேட்டதும் அவர் கண்ணைச் சுருக்கினார்.

"என்னா, சாப் ஜி கீயா? வேணாம்லா. போலீசு புடிச்சா வேலையும் போயிரும், மானமும் போயிரும்."

சாப் ஜி கீ என்பது ஊரெங்கும் திருட்டுத்தனமாக நடந்த எண் சூதாட்டம். பஸ்ஸில் வேலாயுதம் ஒரு பெண்ணிடம் தினமும் எண்களைச் சொல்கிறான் என்ற பேச்சு டிப்போ வரை வந்திருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியாது. "ஐயையோ, இல்ல பாய். சும்மா ஒரு ஆசை" என்றான். யாக்கூப் நம்பினாரோ இல்லையோ, கட்டை எடுத்து வைத்தார்.

அந்தக் கட்டு கைக்கு வந்த திங்கட்கிழமை, வண்டி கிளம்பும்போதே வேலாயுதம் அதன் முதல் எண்ணை இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். கட்டு 720701-இல் தொடங்கியது. துறைமுகத்து ஆட்கள் ஏறினார்கள், டிக்கெட்டுகள் கழிந்தன. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு நிறுத்தத்தில் லீலா ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பத்துக் காசை நீட்டியபோது, கட்டின் மேலே இருந்தது 720714. இன்னும் ஆறு பேர் வாங்கவேண்டும்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் பின்னால் போனான். மூன்று பேர் வாங்கினார்கள். அடுத்த நிறுத்தத்தில் நாலு சீனப் பெண்கள் ஏறினார்கள். வேலாயுதத்துக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஆனால் நாலு பேரும் பதினைந்து காசு டிக்கெட் கேட்டார்கள். அது வேறு கட்டு, வேறு நிறம். 720717 அப்படியே உட்கார்ந்திருந்தது. லீலா காசை நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டு வளைவில் வண்டி நின்றுபோனது. மேலே கம்பியைத் தொட்டு ஓடும் இரண்டு கொம்புகளில் ஒன்று கழன்றுவிட்டது. ட்ராலி பஸ்ஸில் இது வாரத்துக்கு நாலு தடவை நடக்கும். கண்டக்டர் நீள மூங்கிலோடு இறங்கிப் போய் மாட்டவேண்டும். வேலாயுதம் இறங்கினான். கொம்பை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முன்பக்கப் படியில் செக்கர் தங்கராஜு ஏறி லீலாவின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவன் கையிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது.

"எங்கம்மா ஏறுனீங்க?" என்று செக்கர் கேட்பது வாசல் வரை கேட்டது.

"தஞ்சோங் பகாருங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. டிக்கெட் இல்ல. கையில காசு மட்டும் இருக்கு. பக்கத்துல இருக்குறவங்க எல்லாரும் வாங்கிருக்காங்க."

"நீட்டுனேங்க. இருங்கன்னு சொன்னாரு."

வண்டி முழுக்க அவளைத்தான் பார்த்தது. துறைமுகத்து ஆட்களில் பாதிப் பேர் மருதப்பனோடு வேலை செய்கிறவர்கள். லீலா தலையைக் குனியவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. வேலாயுதத்துக்கு அந்தக் காதைப் பார்க்கப் பார்க்க ஆறவில்லை. தன் ஆசைக்காக ஒரு மனுஷியைச் சபையில் நிறுத்திவிட்டோமே என்று ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தப்பு என்னோடது சார். அவங்க காசு குடுத்தாங்க, நாந்தான் வாங்கல."

தங்கராஜு திரும்பினார். கெட்ட மனிதரில்லை, சட்ட மனிதர். "ஏன் வாங்கல? உம்மேல ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு வேலாயுதம். வண்டியில இந்தம்மாகிட்ட தினமும் நம்பர் சொல்றியாம். இன்னைக்குப் பாத்தா, டிக்கெட் குடுக்காம எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிற. சாப் ஜி கீன்னா நேரா போலீசுதான். ரெண்டு பேரும் வரணும்."

இரண்டு பேரும் என்ற சொல்தான் அவன் வாயைத் திறந்தது. வேலை போனாலும் போகட்டும், அவள் பேர் கெட்டுப்போகக் கூடாது. "மூணு டிக்கெட் தள்ளி ஒரு நம்பர் இருக்கு சார். 720720. ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எத வச்சு வகுத்தாலும் மிச்சம் வராது. அதைவிடச் சின்ன நம்பர் எதுக்கும் அந்தக் குணம் கெடையாது. சூதாட்டம் இல்ல சார். சாப் ஜி கீல மொத்தமே பன்னெண்டு நம்பருதானே, ஆறு இலக்கத்த வச்சு அங்க என்ன பண்றது?"

செக்கர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். தன் தாளின் மூலையில் ஏழால் வகுத்தார். போனது. பதிமூன்றால் வகுத்தார். அதுவும் போனது. பின் சீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "பதினொண்ணு போடுங்க சார்" என்றார். தங்கராஜு அவரை முறைத்துவிட்டுப் பதினொன்றும் போட்டார்.

"சரி, போகுது. அதுக்கும் இந்தம்மாவுக்கு டிக்கெட் குடுக்காததுக்கும் என்ன சம்பந்தம்?"

இதற்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் வேலாயுதம் வேறு ஆளாக இருந்திருப்பான். "அத அவங்களுக்குக் குடுக்கணும்னு நெனச்சேன் சார். வேற எதையும் குடுக்க எனக்கு வழியில்ல" என்றான்.

டிரைவர்கூட வண்டியை எடுக்க மறந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராஜு பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். "வரிசைப்படி இப்பவே டிக்கெட்டைக் கிழிச்சுக் குடு. சாயந்திரம் டிப்போல ரிப்போர்ட் எழுதுவேன்."

வேலாயுதம் 720717-ஐப் பிடித்தான்.

"நாலு குடுங்க" என்றாள் லீலா.

"என்னங்க?"

"நாலு டிக்கெட்." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னும் மூன்று பத்துக் காசுகளை எடுத்து, கையில் இருந்ததோடு சேர்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா நாலு?" என்றார் செக்கர்.

"காசு குடுத்துத்தானே வாங்குறேன் சார். இத்தன தான் வாங்கணும்னு சட்டம் இருக்கா?"

அப்படி ஒரு சட்டம் இல்லை. தங்கராஜுவுக்குத் தெரியாத சட்டம் கம்பெனியில் கிடையாது. வேலாயுதம் ஒவ்வொன்றாகக் கிழித்தான், ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டான், கடைசியாக 720720. லீலா நாலையும் வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். தேக்காவில் இறங்கும்போது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா இரக்கமா, அவனுக்கு விளங்கவில்லை. அவள் கொடுத்தது வீடு திரும்பும் பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் வைத்திருந்த காசு என்பது மட்டும் விளங்கியது.

டிப்போவில் சூதாட்டப் பேச்சைத் தங்கராஜு எழுதவில்லை. டிக்கெட் கொடுக்கத் தாமதம் என்று மட்டும் எழுதினார். ஒரு வாரம் வேலை இல்லை என்றார்கள். வேலாயுதம் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனான். மன்னிப்புக் கேட்கவேண்டும், திரும்பும் காசைக் கொடுத்துவிடவேண்டும். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க அவனுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

முறை முடிந்து லீலா வெளியே வந்தாள். அவன் நீட்டிய காசைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"பஸ்ஸு வேணாம். நடந்தே போறேன். வர்றதுன்னா வாங்க."

நடந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி இருந்தது. ஆற்றுப் பாலம் வரைக்கும் அவள் வாங்காத காசைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "உங்கள அப்படி எல்லார் முன்னாடியும் நிறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. இந்நேரம் உங்க அண்ணன் காதுக்குப் போயிருக்கும்" என்றான்.

"போயிருக்கும். நானும் சொல்லுவேன்." அவள் நடையைக் குறைக்கவில்லை. "ஞாயித்துக்கெழம அவரு வீட்டுல இருப்பாரு. வந்து கேளுங்க."

வேலாயுதம் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார். நாலடி தள்ளிப் போன லீலா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் காலையில் இருந்த சிவப்பு இன்னும் இருந்தது.

"என்ன, கணக்குப் போடுறீங்களா?"

"இல்லீங்க" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கணக்கு ஒண்ணும் வரல."